பேட்டரியில் ஊற்றிய அருவித் தண்ணீர்

பேட்டரிக்குள் அருவித் தண்ணீரை ஊற்றக் கூடாது. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது. தென்காசியில் இதை என் அண்ணனைவிடத் தெளிவாகத் தெரிந்தவர் வேறு யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஊற்றியவனும் அவன்தான்.

அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். ஐம்பதுகளில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தான். சுற்று வட்டாரத்தில் பாதி ஊர்களுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று எது நடந்தாலும் மாட்டுவண்டியில் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் பேட்டரிகளும் போகும், கூடவே அண்ணனும் போவான். இசைத்தட்டு போட ஆசைப்பட்டு நூறு பேர் வருவார்கள். பேட்டரியைப் பார்த்துக்கொள்ள ஒருத்தனும் வரமாட்டான். தாலி கட்டுகிற நேரத்தில் குழாய் முனகி நின்றுபோனால் மைக் செட்காரன் சட்டையைத்தான் பிடிப்பார்கள். அண்ணன் போன இடத்தில் அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை. கடைக்கார அண்ணாச்சி இதை எல்லாரிடமும் சொல்வார். அண்ணன் காது கேட்க மட்டும் சொல்லமாட்டார்.

எனக்கு ரைஸ்மில் ஒன்றில் நெல் வாங்குகிற வேலை. வடகரை, செங்கோட்டை, பண்பொழி என்று அலைய வேண்டும். மில் முதலாளி தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளை எனக்குக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தெருவே கூடி நின்று எஞ்சினைப் பார்த்தது. அண்ணன் மட்டும் குனிந்து உட்கார்ந்து பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து பேட்டரியைப் பார்த்தான். ஆறு வோல்ட், மூன்று மூடி. மைக் செட் பேட்டரிகளைத் தோளில் சுமந்தவனுக்கு அது சின்னப் பிள்ளை மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"இத நான் பாத்துக்கிடுதேன். நீ கை வைக்காதலே," என்றான்.

நானும் கை வைக்கவில்லை. அந்த ரக வண்டிக்குப் பேட்டரியில் உயிர் இருந்தால்தான் பிளக்கில் தீப்பொறி வரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடிகளைக் கழற்றுவான். உள்ளே இருக்கிற தகடுகள் முங்கி, அதற்கு மேல் அரை விரல் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் மருந்துக் கடையில் வாங்கிய டிஸ்டில்ட் வாட்டரைச் சொட்டுச் சொட்டாக விடுவான். குற்றாலச் சீசன் மாதங்களில் சாரல் ஈரத்துக்கு முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். அதை வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுவான். மாதம் ஒருநாள் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் சார்ஜ் ஏற்றுவான். ஒரு பகல் முழுக்க ஏறும். எனக்கோ அவசரம். கரண்டைக் கூட்டி வைத்துச் சீக்கிரம் ஏற்றினால் என்ன என்று கேட்பேன்.

"தகடு வளஞ்சிரும்லே. எதயும் பைய ஏத்தணும்."

எனக்கு மூக்குநுனியில் கோபம். இன்றைக்கும் அப்படித்தான், வயதாகி உடம்பு தளர்ந்ததால் ஊருக்குத் தெரிவதில்லை. வண்டி மக்கர் செய்தால் அதன் மேல் ஓங்கி ஒரு அறை விடுவேன். அண்ணன் சிரிப்பான். "அத ஏம்லே அடிக்கே? அதுக்கு வாயா இருக்கு, திருப்பிச் சொல்ல?" என்பான்.

அறுபதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் அவனுக்குச் சுகமில்லாமல் போயிற்று. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம், சுகமில்லை என்று. முதலில் பேச்சு குறைந்தது. அப்புறம் சாப்பாட்டில் கை வைத்ததும் எழுந்து போனான். எங்கேயோ குழாய் கத்துகிறது, யாராவது போய் நிறுத்துங்கள் என்பான். ஒரு சத்தமும் இருக்காது. வேலைக்குப் போவது நின்றது. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் காதும் காதும் வைத்த மாதிரி விலகிக்கொண்டார்கள். தெருவில் அவனைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். ஆகவே அம்மா சொன்னது எனக்கு.

மதுரைக்குக் கூட்டிப் போனோம், மந்திரித்தோம், தலைக்கு என்னென்னவோ எண்ணெய் வைத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு வைத்தியர், இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதையே சொன்னார். சீசனில் அருவிக்குக் கொண்டுபோய்த் தலையைக் கொடுக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாள், ஒருநாள்கூட இடையில் விடக் கூடாது, விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குற்றாலத்துக்கு அந்தக் காலத்தில் அப்படி எத்தனையோ பேரைக் கூட்டி வருவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், கயிற்றில் கட்டியும் கூட்டி வருவார்கள். அவர்களைப் பார்த்து எனக்குச் சின்ன வயதில் வேடிக்கையாக இருந்திருக்கிறது.

முதல் இரண்டு நாள் பஸ்ஸில் போனோம். நடுவழியில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்த்தான். ஏறினவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனேன். பின்னால் உட்காரவைத்து, ஒரு நீளத் துண்டை அவன் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து என் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்வேன். வண்டி ஓடுகிற வரைக்கும் அவனிடம் ஒரு சலனமும் இருக்காது. கூட்டம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாததால் பேரருவிக்குப் போகாமல் ஐந்தருவிக்குப் போவோம். அங்கே எண்ணெய்க் கடை போட்டிருந்த அம்மாள் ஒருத்தி தன் கையாலேயே அவன் தலையில் எண்ணெயை வைத்துவிடுவாள். அருவிக்குள் முக்கால் மணி நேரம் நிற்பான். வெளியே வந்ததும் பேசாமல் தலையைத் துவட்டிவிட்டு அந்தத் துண்டை என்னிடம் நீட்டுவான். கட்டிக்கொள்வேன். ஒரு தூக்குச்சட்டி நிறைய அருவித் தண்ணீரும் எங்களோடு வீட்டுக்கு வரும். சாயங்காலமும் இரண்டு செம்பு அவன் தலையில் ஊற்றவேண்டும், குடிக்கவும் அதைத்தான் கொடுக்கவேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு.

"இதுக்கு மிஞ்சுன மருந்து ஒலகத்துல கெடயாதுய்யா. எந்தக் கேட்டையும் கழுவிப்புடும்," என்று ஒவ்வொரு செம்புக்கும் சொல்லுவாள். எண்ணெய்க்கார அம்மாளும் சொல்லுவாள். நானும் சொல்லியிருக்கிறேன். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான்.

இருபதாம் நாளுக்கு மேல் தூங்க ஆரம்பித்தான். குழாய் கத்துகிற பேச்சு குறைந்தது. இருபத்தாறோ இருபத்தேழோ, குளித்துவிட்டு வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கினவன் உள்ளே போகாமல் குனிந்து பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தான். முனைகளில் விரற்கடை உயரத்துக்குப் பூத்துக் கிடந்தது. எத்தனையோ மாதமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"தண்ணி எப்பலே ஊத்துன?" என்று கேட்டான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றே வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், வாசலின் வாங்கி வந்தேன், டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி வந்தேன். அவன் பழைய மாதிரியே எல்லாம் செய்தான். மறுநாள் கடைக்கார அண்ணாச்சியிடம் சொன்னபோது, நாற்பத்தெட்டும் முடியட்டும், அவனுடைய பெஞ்சு அவனுக்காகத்தான் கிடக்கிறது என்றார்.

"நாப்பத்தெட்டும் முறியாமப் போகணும்லே. அது ஒன் கையிலதான் இருக்கு," என்றாள் அம்மா. அந்த ஒருவார காலம் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

முப்பத்திநாலாம் நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. உதைத்தேன், உதைத்தேன், கால் வீங்கும்வரை உதைத்தேன். ஹாரனை அழுத்தினால் ஒரு செருமல்கூட இல்லை. அன்றைக்கு அருவிக்குப் போய்வந்த பிறகு வடகரையில் ஒருவர் பத்தாயத்தைத் திறந்து நெல்லைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அந்த எரிச்சல் வேறு. பெட்டியைத் திறந்து மூடிகளைக் கழற்றினேன். உள்ளே பளிங்கு மாதிரி தண்ணீர், அதில் ஒரு இலைத்துணுக்கு மிதந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசல் ஓரத்து மண் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிறது. அண்ணன் தோளில் துண்டோடும் கையில் தூக்குச்சட்டியோடும் புறப்படத் தயாராக நிற்கிறான். அவன் வேட்டியில் பொத்தல் பொத்தலாக ஓட்டை.

"நேத்து சாயந்தரம் செஞ்சேம்லே," என்றான். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "உள்ள பழய தண்ணி கெட்டுக் கெடந்துது. கவுத்திக் கொட்டிட்டு, மூணு தரம் நல்லா அலசிட்டு, அருவித் தண்ணி விட்டிருக்கேன். எனக்குச் சொகமாயிட்டு வருதுல்லா, அதுக்கும் ஆவட்டுமே."

கெட்ட தண்ணீர் என்று அவன் கவிழ்த்தது ஆசிட்டை. அது இல்லாவிட்டால் பேட்டரி வெறும் டப்பா.

இதை எழுதும்போது அவன் செய்ததன் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது. தனக்குத் தெரிந்த தொழிலைவிட நாங்கள் சொன்னதை அவன் பெரிதாக நம்பினான். எந்தக் கேட்டையும் கழுவும் என்று அம்மா, எண்ணெய்க்கார அம்மாள், நான் மூன்று பேரும் முப்பத்துமூன்று நாள் அவன் தலையில் ஊற்றி ஊற்றிச் சொன்னோம். அவன் அதை எடுத்துக் கொண்டுபோய்த் தனக்குப் பிரியமான ஒன்றுக்கும் கொடுத்தான். அன்று காலையில் எனக்கு இதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. எழுந்து ஓங்கி அறைந்தேன். அறைந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"பைத்தியக்காரப் பயலே," என்றேன். "பைத்தியத்துக்கு எதுக்குலே பேட்டரி?"

அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். அண்ணன் கன்னத்தைத் தடவவில்லை, திருப்பிச் சொல்லவும் இல்லை. தூக்குச்சட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். நான் பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, பக்கத்து வீட்டுச் சைக்கிளில் வைத்துக்கொண்டு மைக் செட் கடைக்குப் போய்விட்டேன்.

அண்ணாச்சி ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்த்தார். கண்ணாடிக்குள் மிதக்கவேண்டிய குண்டு அடியில் போய் உட்கார்ந்தது.

"வெறும் தண்ணில்லா கெடக்கு," என்றார். நான் நடந்ததைச் சொன்னேன், அறைந்ததையும் சேர்த்து. அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவர் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "செஞ்சது தப்புதான். ஆனா எப்படி அலசியிருக்கான் பாரு, அடியில கசடு ஒரு துளி கெடயாது. கை மறக்கலடே அவனுக்கு."

அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கோபம் இன்னும் ஏறியது. புது ஆசிட் கலந்து ஊற்றி, ஆறவைத்து, சார்ஜில் போட்டார். நாளைக்குச் சாயங்காலம்தான் பிழைத்ததா செத்ததா என்று தெரியும் என்றார். "நீ வீட்டுக்குப் போ. பஸ்லயாவது அவனக் கூட்டிட்டுப் போ, நாள் முறிஞ்சிரப் போவுது."

"நான் போகமாட்டேன் அண்ணாச்சி. இன்னைக்கு அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அண்ணன் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பேட்டரிக்குள் குமிழி வர மத்தியானம் ஆயிற்று. முதலில் ஒன்று, ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. புளித்த வாடை மூக்கில் ஏறியது. அண்ணாச்சி வீட்டிலிருந்து வந்த சோற்றைச் சாப்பிட்டேன். வடகரைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. வீம்பு என்பது எவ்வளவு சொகுசான இருக்கை என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் நாலு மணிவாக்கில்தான் எழுந்தேன்.

அம்மா தெருமுனையிலேயே நின்றாள். எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவன எங்கலே?" என்றாள். "நீ போய்க் கூட்டிட்டு வரலையா?"

நான் சைக்கிளில் போன கொஞ்ச நேரத்தில் அண்ணன் புறப்பட்டிருக்கிறான். அம்மா கொடுத்த வேறு வேட்டியை வாங்காமல், இதுவே இருக்கட்டும் என்று அந்த ஓட்டை வேட்டியோடே நின்றானாம். இன்றைக்கு முப்பத்திநாலு, முறியக் கூடாது, வண்டி இல்லாவிட்டால் என்ன, நடந்து போய்க் குளிக்கிறேன், தம்பி வந்தால் பின்னால் அனுப்பு என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கோர்வையாக அவன் பேசி எத்தனையோ நாளாயிற்று. தேறிவிட்டான் என்றே அம்மா நினைத்தாள். போய்ட்டு வாய்யா என்று திருநீறு பூசி அனுப்பினாள். நான் அரைமணியில் வருவேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பஸ் பிடித்துக் குற்றாலத்தில் இறங்கி ஐந்தருவிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். சாரல் விடாமல் அடித்தது. வண்டியில் கால்மணி நேரத்தில் கடக்கிற வழி அது. நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. பழக்கடைக்காரர்கள் கூடைகளை மூடிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் தானே எழுந்து வந்தாள்.

"என்னய்யா இவ்வளவு நேரம் கழிச்சு வாரிய? அண்ணன் காலையிலேயே வந்துட்டாவளே. எண்ண வச்சேன், குளிச்சாவ. இந்தக் கல்லுல உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருந்தாவ. ஒத்தயிலயா வந்திய, தம்பியக் காணுமேன்னு கேட்டேன். தம்பி வருவான், பேட்டரி சார்ஜு ஏறிட்டு இருக்கு, பையத்தான் ஏறும்னாவ. மத்தியானம் வரைக்கும் பாத்தேன். கூட்டம் வந்துது, ஏவாரத்துல கண்ண எடுத்துட்டேன். அப்பறம் பாத்தா ஆளு இல்ல."

கடை மூங்கிலில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் கையில் கொடுத்து, தம்பி வந்தால் கேட்பான், இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னானாம்.

அருவிக்குக் கீழே தேடினோம், மேலே காட்டுப் பாதையில் தேடினோம். அன்றைக்கு வெள்ளமும் இல்லை, யாரும் விழுந்ததாகவும் இல்லை. செங்கோட்டை ரோட்டில் ஓட்டை வேட்டியோடு ஒருவர் நடந்து போனதைப் பார்த்ததாக ஒரு வண்டிக்காரர் சொன்னார். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம்.

பேட்டரி பிழைத்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் குண்டு மேலே எழும்பி நின்றது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் பார்த்த பேட்டரி சாகாது என்றார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அந்த வண்டியில் அவனைத் தேடி நான் போகாத ஊர் இல்லை. புளியரை வழியாக மலை இறங்கிப் புனலூர் வரைக்கும் போனேன். கடையநல்லூரில் தறிச்சத்தம் கேட்கிற தெரு ஒவ்வொன்றிலும் நிறுத்திக் கேட்டேன். கோயில் வாசல்கள், சத்திரங்கள், ரயில் நிலையங்கள். உயரம், நிறம் எல்லாம் சொல்லிவிட்டு, வேட்டியில் பொத்தல் பொத்தலாக இருக்கும் என்பேன். ஆசிட் பட்டது என்பேன். போன இடத்திலெல்லாம் அந்தத் துண்டை என் இடுப்பில் கட்டியிருந்தேன், ஒரு முனையை அவிழ்த்து அவன் முதுகைச் சுற்றிக் கட்டும் அளவுக்கு நீளம் விட்டு.

அம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அனுப்பியது தான்தான் என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம். ஆனால் எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு காலையும், இன்றைக்கு முப்பத்தைந்து, இன்றைக்கு முப்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாள். எங்கே இருந்தாலும் ஏதாவது தண்ணீரில் தலையைக் கொடுத்திருப்பான் என்பாள். நாற்பத்தெட்டாம் நாள் மூன்று இலை போட்டுச் சோறு பரிமாறினாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். மூன்றாவது இலையைச் சாயங்காலம் வரை எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து எண்ணவில்லை.

அந்தப் பேட்டரி அதற்கப்புறம் மூன்று சீசன் உழைத்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றினேன், டிஸ்டில்ட் வாட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், வாசலின் தடவினேன். அது நடந்து அறுபது வருஷத்தை நெருங்கிவிட்டது. கூட்டத்தில் வயதான ஒரு ஆள் குனிந்து வண்டியின் பக்கவாட்டில் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நான் நடையை நிறுத்தி, அவர் திரும்பும்வரை நிற்கிறேன். அன்றைக்கு அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொன்னேன். முழிக்கவே இல்லை.